குரல்வளையைக் காப்பதா, எடுப்பதா?

முற்றிய குரல்வளைப் புற்றுநோய் என்று தெரிந்ததும், குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த என் பெரியப்பா முதலில் கேட்டது, “பேச்சு போயிடுமா டாக்டர்?” என்பதுதான். மேட்டில் நின்றபடி கீழ்க்காட்டில் கொழுந்து பறிப்பவர்களைக் கூப்பிட்டே முப்பது ஆண்டுகள் வேலை வாங்கியவருக்கு வேறென்ன தோன்றும்? மருத்துவரோ ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். இரண்டாவது வாயிலேயே புரையேறியது.

1991இல் வெளியான அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வுதான் இந்தத் துறையைத் திருப்பிப் போட்டது. 332 பேரில் பாதிப் பேருக்கு முதலில் கீமோ கொடுத்து, கட்டி சுருங்கியவர்களுக்குக் கதிர்வீச்சும் சுருங்காதவர்களுக்கு அறுவையும் செய்தார்கள். மறுபாதிக்கு நேரடியாகக் குரல்வளையை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டாண்டு முடிவில் இரு பிரிவிலும் 68 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். கீமோ பிரிவில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளையும் மிஞ்சியது.

அடுத்து 2003இல் வந்த ஆய்வு கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்தே கொடுப்பதைச் சோதித்தது. இரண்டாண்டில் குரல்வளை தப்பியவர்கள் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 88 விழுக்காடு, கீமோவை முன்னால் கொடுத்ததில் 75, கதிர்வீச்சு மட்டும் என்றால் 70. எண்ணிக்கையில் முதலாவதே வெல்கிறது. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும்: சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும்; தொண்டை புண்ணாகிப் பலருக்குக் குழாய் வழியே உணவு போகும்; பத்தாண்டுக் கணக்கில் இந்தப் பிரிவினர் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவும் இல்லை. ஊரில் “கரண்ட் வைப்பது” என்று சொல்லப்படும் கதிர்வீச்சு 35 அமர்வுகள், ஏழு வாரம். தினமும் மலையிறங்கிக் கோவை போய்த் திரும்புவது தொண்டைப் புண்ணோடு முடிகிற காரியமில்லை. கீழேயே அறை எடுத்துத் தங்க வேண்டும்.

முன்கூட்டிக் கீமோ கொடுக்கும் வழியை நான் ஒரு சோதனையாகவே பார்க்கிறேன்: கட்டி மசிகிறதா என்று அறுவைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சேர்த்துக் கொடுப்பதைத் தாங்காத உடம்புக்கும் அது ஒரு வாய்ப்பு.

இவை எதுவும் குரல்வளையின் குருத்தெலும்பைத் துளைத்து வெளியேறிய கட்டிக்குப் பொருந்துவதில்லை. 2003ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகையோரைச் சேர்க்கவே இல்லை. 1991ஆம் ஆண்டு ஆய்விலும் அந்த நிலையில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பின்னால் குரல்வளையை எடுக்க நேர்ந்தது. கதிர்பட்ட கழுத்தில் கத்தி வைத்தால் புண் ஆறுவதும் கடினம். விழுங்கும்போதெல்லாம் நுரையீரலுக்குள் தண்ணீரை விடும் குரல்வளையைக் கழுத்துக்குள் வைத்திருப்பதைக் காப்பாற்றியதாக எப்படிச் சொல்வது?

பெரியப்பாவின் சி.டி. ஸ்கேனில் குருத்தெலும்பு அரித்திருந்தது. அறுவைதான் என்று முடிவாயிற்று. மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே சிலிக்கோன் வால்வு வைத்தார்கள். மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, காற்றை அந்த வால்வு வழியே தொண்டைக்குத் தள்ளிப் பேசுகிறார். கரகரத்த குரல்தான், கீழ்க்காடு வரை எட்டாது. மூக்கில் சூடாகி ஈரமேறிப் போக வேண்டிய காற்று இப்போது நேரே உள்ளே போவதால், மார்கழிப் பனியில் துளையின்மேல் வடிகட்டி வைத்து, அதற்கும் மேலே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறார். தண்ணீர் மட்டும் புரையேறுவதில்லை.