ரெட்வாலா, வெஸ்டெரோஸா: எந்தச் சமையல் புத்தகம்?

மாயக்கதை விருந்தை வாசித்து நாக்கில் நீர் ஊறியவர்களுக்கு இரண்டு புத்தகங்கள்.

2012-இல் வந்த 'எ ஃபீஸ்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' இரண்டு வாசகிகள் எழுதியது. முன்னுரை மட்டும் வெஸ்டெரோஸ் என்ற கற்பனை நிலத்தில் நடக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைகளின் நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுடையது. பல பதார்த்தங்களுக்கு இரண்டு செய்முறைகள்: பழங்கால ஏடுகளில் இருந்து ஒன்று, இன்றைய அடுப்புக்கு ஒன்று. நூற்றாண்டுகள் தாண்டி ருசி எப்படி மாறியது என்பது சமைக்கும்போதே புரிந்துவிடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். லெமன் கேக் யாருக்கும் கைவரும். தேன் தடவிய வெட்டுக்கிளி? அந்தப் பக்கத்தைப் படித்து ரசித்ததோடு சரி.

2005-இன் 'தி ரெட்வால் குக்புக்', விலங்குகளே பாத்திரங்களாக வரும் ரெட்வால் சிறுவர் நாவல்களின் ஆசிரியர் பிரையன் ஜேக்ஸே எழுதியது. பருவகாலம் வாரியாகச் செய்முறைகள், நடுவே கதை, பக்கமெங்கும் ஓவியங்கள். பெரும்பாலும் சைவம். கதையில் வரும் மோல்கள் (மண்ணைத் தோண்டி வாழும் சிறு விலங்குகள்) ஆசை ஆசையாய்த் தின்னும் டர்னிப், உருளை, பீட்ரூட் பை (pie) இதில் உண்டு. காரசாரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

குழந்தையோடு சேர்ந்து மாவு பிசைய ரெட்வால் போதும். ஒரே ஒன்றுதான் வாங்கலாம் என்றால், நான் முதல் புத்தகத்தையே எடுப்பேன், வெட்டுக்கிளியைச் சகித்துக்கொண்டு.