குறட்டை நின்றது, மூச்சு? வாய்க் கருவியோடு ஒன்பது மாதம்

தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்காகப் பல் மருத்துவர் செய்துகொடுத்த வாய்க் கருவி இது. முதல் இரவு அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது, குத்துச்சண்டைக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தேன். மேல் பல்வரிசைக்கு ஒரு தகடு, கீழ்வரிசைக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கப் பக்கத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ. கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. தாடை முன்னால் வந்தால் நாக்கின் அடிப்பகுதியும் கூடவே வரும், தொண்டையில் காற்றுக்கு வழி கிடைக்கும்.

என் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று வந்தது. 15 முதல் 30 வரை என்றால் நடுத்தரப் பாதிப்பாம். முதலில் கொடுத்தது சிபாப் மாஸ்க், தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியின் முகமூடி. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, போட்டிருந்த நேரத்தில் எண் 3க்கு இறங்கியது. ஆனால் எவ்வளவு நேரம் போட்டிருந்தேன்? நடுராத்திரியில் என்னை அறியாமலே கழற்றி எறிந்துவிடுவேன். காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். நாலு மாதம் மல்லுக்கட்டிய பிறகு தூக்க மருத்துவரே பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

நடுவில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். வெந்நீரில் போட்டுக் கடித்து நாமே வடிவமாக்கிக்கொள்ளும் ரகத்தை வாங்கினேன். இரண்டாம் இரவே வாயிலிருந்து நழுவித் தலையணையில் கிடந்தது. பல் அச்செடுத்துச் செய்தது அப்படியில்லை, கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.

முதல் இரண்டு வாரம் எச்சில் ஒழுகித் தலையணை உறை நனைந்தது. காலையில் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவே சேராது, வேறு யாருடைய வாயோ என்று தோன்றும். அதற்கென்று ஒரு சின்னக் கடிப்பான் தந்திருந்தார்கள். அதைக் கொஞ்ச நேரம் கடித்துக்கொண்டிருந்தால் தாடை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

மூன்றாம் நாளே வீட்டுக்காரர், "குறட்டையே இல்லை" என்றார். அங்கேதான் ஏமாந்தோம். மத்தியானம் கண் செருகுவது மட்டும் நிற்கவில்லை. கருவியைப் போட்டுக்கொண்டே மறுபடி பரிசோதனை செய்தால் எண் 14. சத்தம் போயிருந்தது, தடை முழுசாகப் போகவில்லை. இந்த மறுபரிசோதனையைப் பற்றிக் கருவி செய்துகொடுத்த இடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை, நானாகக் கேட்டேன் என்பதுதான் என் பெரிய வருத்தம்.

அப்புறம் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் தாடையை இன்னும் முன்னால் கொண்டுவந்தோம். ஒரு கட்டத்தில் காதோரம் வலி எடுத்தது, ஒரு திருகு பின்வாங்கி இரண்டு வாரம் காத்திருந்தோம். கடைசிப் பரிசோதனையில் 6. மாஸ்க்கின் 3க்கு இது ஈடில்லைதான். ஆனால் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தது, இது விடியும்வரை வாயில் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: பற்கள் போதுமான அளவுக்கு இல்லை, ஈறு தளர்ந்திருக்கிறது, தாடை மூட்டில் ஏற்கெனவே கோளாறு என்றால் இது சரிவராமல் போகலாம். எண் 30ஐத் தாண்டியிருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் மாஸ்க்கைத்தான் முதலில் சொல்வார்கள். வெந்நீரில் கழுவாதீர்கள், வடிவம் கோணிவிடும். நாளடைவில் பற்கள் லேசாக இடம் மாறவும் கூடும். எனக்கே முன்பற்கள் முன்புபோல் பொருந்துவதில்லை, நூலளவு வித்தியாசம் தெரிகிறது. அதைப் பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். எச்சிலை மன்னித்துவிட்டேன். குறைத்த ஒன்று, யாரும் சொல்லாமல் விட்ட அந்த 14க்காக.