நின்று நின்று போகும் பழைய கார்: பெட்ரோலா, கரண்டா, காற்றா?

ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் குறையைக் கண்டுபிடிப்பது சுலபம். அது எங்கேயும் ஓடிப்போகாது, சாவகாசமாகத் தேடலாம். ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் ஓடி, நடுவழியில் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும் வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். மெக்கானிக் முன்னால் நிறுத்தினால் சமர்த்தாக ஓடும். அவரும் சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே வருவார். நானும் அப்படிச் செலவழித்தவன்தான். அதனால் சொல்கிறேன்: எதையும் கழற்றுவதற்கு முன், வண்டி எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்.

பெட்ரோல் கிடைக்காத என்ஜின் தவணை முறையில் நிற்கும். முதலில் இழுவை குறையும். மேடு ஏறும்போது திணறும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை இந்தப் போராட்டம் நடக்கும். கரண்ட் போனால் கதை வேறு. சுவிட்சை அணைத்தது மாதிரி, முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று நிற்கும். தீப்பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலிலிருந்து சிக்னல் வாங்கும் ஆர்பிஎம் மீட்டர் (என்ஜின் வேகம் காட்டுவது) இருந்தால் இன்னொரு துப்பும் உண்டு. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் விழுந்தால், காயிலுக்குப் போகும் கரண்ட் அறுந்திருக்கிறது. மூன்றாவது, தேவையில்லாத காற்று உள்ளே புகுவது. இதில் வேகமாகப் போகும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. காலை எடுத்து ஐடிலிங்குக்கு வந்தவுடன் நடுங்கி நிற்கும்.

இந்த அடையாளங்கள் எப்போதும் கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கரண்ட் பக்கத்துச் சின்ன பாகமான கண்டென்சர் கெட்டுக்கொண்டிருந்தால், பெட்ரோல் குறை போலவே மிஸ்ஸிங் (விட்டு விட்டு எரிவது) கொடுக்கும். கார்புரேட்டருக்குப் பதில் பிரஷரில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் தரும் சுவிட்ச்) துண்டித்தால் பிரஷர் சட்டென்று இறங்கி, கரண்ட் குறை போலவே நிற்கும். ஆனாலும் முதல் சந்தேகத்தை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை.

மிகவும் குழப்புவது சூட்டில் நிற்கும் வண்டி. இதில் பெட்ரோலும் கரண்டும் ஒரே மாதிரி நடிக்கும். பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் என்ஜின் மீதே உட்கார்ந்து டேங்கிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால், என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். இக்னிஷன் காயிலும் சூட்டுக்குத்தான் தோற்கும். உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று விரிந்து தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும்.

என் வண்டி 20 நிமிடம் ஓடியதும் நிற்கும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் காத்திருந்தேன், 15 நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. பம்ப்தான் என்று முடிவுகட்டி அதை மாற்றினேன், கார்புரேட்டரையும் கழுவினேன். மறுநாளும் நின்றது. துணி வேலை செய்யவே இல்லை, அந்த 15 நிமிடத்தில் காயில் தானாக ஆறியிருக்கிறது! மல்டிமீட்டரும் உதவவில்லை. ஆறிய காயிலில் வைத்தால் ஒழுங்காக 3 ஓம் காட்டியது.

கடைசியில் வீட்டு வாசலில் ஐடிலிங்கில் விட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடுவது) போகும் தடித்த வயரில், கரண்ட் பாயும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டின் கிளிப்பை மாட்டி, பானெட் பக்கத்திலேயே நின்றேன். விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. திடீரென்று மின்னல் நின்றது. அதற்குப் பிறகும் ஃபேன் ரெண்டு சுற்று சுற்றித்தான் ஓய்ந்தது. பெட்ரோல் தீர்ந்து நின்றிருந்தால் கடைசிச் சுற்றுவரை விளக்கு மின்னியிருக்கும். உடனே ஈரத்துணியைக் காயிலின் உடம்பில் மட்டும் சுற்றினேன், வயர் மாட்டும் தலைப்பக்கம் நனையாமல். மூன்றே நிமிடத்தில் ஸ்டார்ட்! துணி வைத்தியம் செய்வதானால் ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் வையுங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டைமிங் லைட் கையில் இல்லையா? வண்டி நின்றவுடன் சாவியை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லிங்கை ஒருமுறை இழுங்கள். பெட்ரோல் கோடாகப் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, கரண்ட் பக்கம் போங்கள். சொட்டுகூட வராவிட்டால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அப்புறம் வண்டி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

சாவியைத் திருப்பும்போது பிடித்து, கையை விட்டதும் நிற்கிறது என்றால் அதிகம் யோசிக்கவே வேண்டாம். பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில், ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு பேட்டரியின் கரண்ட் நேராகப் போகும். சாவி பழைய இடத்துக்கு வந்ததும் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால் அந்த நொடியே என்ஜின் சாகும். இக்னிஷன் சுவிட்ச் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க என்ஜினுக்குள் கலவை போகும் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) ஓரத்தில் கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து, ஐடிலிங் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும், தீப்பிடிக்கக்கூடிய வேலை. ஆறிய என்ஜினில் செய்யுங்கள். மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை ஒருமுறை வளைத்துப் பார்த்தாலே பாதி நேரம் வெடிப்பு கண்ணில் படும்.

காரில் மாட்டி குறையின் கோடைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். அந்த ஸ்கேனர் மாட்டும் பொது முறையான ஓபிடி 2 அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்களில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் மாட்ட இடமே இருக்காது. இருந்தாலும், பி0171 என்று கோட் வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் தெரியும். காற்றுக் கசிவா, வலுவிழந்த பம்ப்பா என்று அது சொல்லாது. ஸ்கேனர் உண்மையிலேயே கைகொடுப்பது இன்ஜெக்‌ஷன் வண்டியின் கிராங்க் சென்சார் (என்ஜின் சுற்றுவதைக் கண்டு சொல்வது) விஷயத்தில். அதுவும் காயில் மாதிரியே சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது. பல சமயம் கோட் எதுவும் பதிவாகாது. அதனால் வண்டி நின்ற இடத்திலேயே, ஆற விடாமல், ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். என்ஜின் சுற்றும்போதும் பூஜ்யத்திலேயே நின்றால், முதலில் அந்த சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.