அயர்லாந்து மூதாதையரைத் தேட: வீட்டுக் கதையா, அமெரிக்கக் காகிதமா, கோயில் பங்குப் பதிவேடா?

1892 ஜனவரி 1. நியூயார்க்கில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்த அன்று முதல் ஆளாகப் பதிவானவர், அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்த ஆனி மூர் என்ற பெண். அவர் பிறகு டெக்சாஸ் போய்விட்டார் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அவர் வாரிசுகள் என்று ஒரு டெக்சாஸ் குடும்பத்தை விழாக்களுக்கும் அழைத்தார்கள். கடைசியில் சென்சஸ் ஏட்டைப் புரட்டினால், டெக்சாஸ் ஆனி பிறந்தது அமெரிக்காவின் இல்லினாயில்! நிஜ ஆனி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தவர். புதைத்த இடத்தில் 2008 வரை பெயர் பொறித்த கல்கூட இருக்கவில்லை. நிஜ ஆனி யார் என்பது வெளியே வந்தது 2006இல்தான்.

அதற்காக வீட்டுக் கதையைத் தூக்கி எறியவேண்டாம். துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக அல்ல. "எல்லிஸ் தீவு கிளார்க் எங்கள் பெயரை மாற்றிவிட்டான்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். கப்பல் கம்பெனி ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்த பட்டியலைத்தான் அவர் சரிபார்த்தார்.

அமெரிக்க சென்சஸ் தேடச் சுலபம். பிறந்த இடத்தை 1850 முதலும், குடியேறிய ஆண்டை 1900இலும் கேட்டார்கள். ஆனால் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். அறுபதாயிரத்துக்கு மேல் சிற்றூர்ப் பிரிவுகள் உள்ள தீவில் அதை வைத்து என்ன செய்ய?

குடியுரிமைக் காகிதம்தான் ஆளைக் குழப்பும். 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி ஓடிவந்தவர், 'கிரேட் பிரிட்டன், அயர்லாந்து ராணி'க்கான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பார். உடனே "அட, நாம் ஆங்கிலேயரா?" என்று பதறவேண்டாம். அன்று அயர்லாந்து முழுக்க அந்த முடியின் கீழ் இருந்தது. அது சட்டம், அவர் மனசு அல்ல. 1906க்கு முந்தைய காகிதங்களில் ஊர்ப் பெயர் அபூர்வம். மனைவிக்குத் தனிக் காகிதமும் பொதுவாக இருக்காது. 1922 வரை கணவரின் குடியுரிமையே அவருக்கும்.

என் ஓட்டு பங்குப் பதிவேட்டுக்கு. பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்; அங்கு நடந்த ஞானஸ்நானம், திருமணங்களைக் குறித்துவைத்த ஏடுதான் இது. அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயிலின் திருமண ஏட்டில், பாதிரியார் சில சமயம் மணமக்களின் சொந்தப் பங்கையே குறித்திருப்பார். அது கிடைத்துவிட்டால், அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இலவசமாக இணையத்தில் ஏற்றிய பங்கு ஏடுகளுக்கு நேரே போய்விடலாம். கஷ்டமும் உண்டு. மங்கிய மை, லத்தீன் மொழி. பேட்ரிக் 'பத்ரிசியுஸ்' ஆகியிருப்பார். ஒரே பங்கில் நாலைந்து மேரி சல்லிவன் இருப்பார்கள். அங்கே ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயரைப் பாருங்கள்; அவர்கள் அநேகமாகச் சித்தி, மாமா வகையறாதான்.

அயர்லாந்தின் சொந்த சென்சஸ்? 1821 முதல் 1851 வரையிலானவை 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் பெரும்பாலும் போய்விட்டன; 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசே அழித்துவிட்டது. 1922க்கு முந்தையவற்றில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் பலருக்குப் பத்தே ஆண்டில் பதினைந்து வயது ஏறியிருக்கும். இடையில் எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வந்ததன் மாயம்!

சரி, அவர்கள் தங்களை எந்த ஊர்க்காரர் என்று நினைத்தார்கள்? பாஸ்டனின் 'பைலட்' பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்கள் வந்தன. தம்பியைத் தேடும் அண்ணன் அதில் முதலில் எழுதுவது நாட்டின் பெயரை அல்ல: இன்ன கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), இன்ன பங்கு.