பாவித்த எம்பிராய்டரி மெசின் வாங்கப் போகிறீர்களா, முதலில் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் வீட்டிலிருந்து தைக்கிற அக்கா, தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 145,000 ரூபா போனது.

நான் உப்புவெளியில் பிளவுஸும் ஸ்கூல் யூனிஃபோமும் தைக்கிறேன். கல்யாண பிளவுஸுக்குக் கையிலும் கழுத்திலும் பூவேலை கேட்டு வருகிறவர்களை இவ்வளவு காலமும் வேறு ஆட்களிடம்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அந்தக் காசு நம்ம வீட்டுக்கே வரட்டும் என்று தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த கொம்பியூட்டர் மெசின் ஒன்று தேடினேன். புதுசு வாங்க வசதி இல்லை. டவுனுக்குள் ஜப்பானில் இருந்து வந்த பழைய சாமான் விற்கிற ஒரு கடையில் கிடைத்தது. ஒரு கீறல்கூட இல்லை, பார்த்ததும் மனம் போய்விட்டது.

கடைக்காரர் போட்டுக் காட்டினார். நேர்த்தையல், ஸிக்ஸாக், பட்டன் ஓட்டை எல்லாம் சத்தமே இல்லாமல் ஓடியது. எம்பிராய்டரி செய்கிற கை தனியாக ஒரு பெட்டிக்குள் இருந்தது. "அதையும் ஒருக்கா பூட்டிக் காட்டுங்கோ அண்ணா" என்றேன். "எல்லாம் ஒரே மெசின்தானே தங்கச்சி, இது ஓடினால் அதுவும் ஓடும்" என்றார். அது பொய். தையலுக்கு ஊசியும் கீழே துணியை இழுக்கிற பல்லும் ஓடினால் போதும். எம்பிராய்டரிக்குத் துணி பூட்டின ஃபிரேமை இடம் வலமும் முன் பின்னும் நகர்த்தத் தனி மோட்டார்கள் வேண்டும், அவை அந்தக் கைக்குள்தான் இருக்கின்றன. அது பழுதாகக் கிடந்தாலும் நேர்த்தையல் வடிவாக விழும்.

அடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடையில் மேசைக்குக் கீழே கனமான இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது, மெசின் வயர் அதில்தான் குத்தியிருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. அது ட்ரான்ஸ்போமர். ஜப்பான் வீடுகளில் கரண்ட் 100 வோல்ட், நம்ம ஊரில் 230. எனக்குத் தரும்போது அந்தப் பெட்டியைத் தரவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இரண்டு தட்டைக் கம்பி உள்ள பிளக்கை நம்ம சுவரில் குத்துவதற்கு ஒரு சின்ன வெள்ளை அடாப்டரைத் தந்து "இதைப் போட்டால் சரி" என்றார். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. வீட்டில் சுவிட்சைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம், அப்புறம் எரிந்த மணம்.

திரும்பப் போனால் "நீங்கள் பிழையாகப் போட்டிருக்கிறீர்கள், கரண்ட் சாமானுக்குப் பொறுப்பில்லை" என்றார். பில்லில் "தையல் மெசின் 1" என்று மட்டும்தான் இருந்தது.

மெசின் திருத்துகிற ஒரு அண்ணா கரண்ட் போர்டைச் சரிசெய்து தந்தார், அதற்கு 28,000, ட்ரான்ஸ்போமர் வேறு. பிறகுதான் முதல்முறையாகப் பூ தைத்துப் பார்த்தேன். பூவுக்குள் நிரப்பின நூல் ஒரு பக்கம், அதைச் சுற்றி வரவேண்டிய கோடு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி. உள்ளே கிரீஸ் காய்ந்து இறுகி, கை சொன்ன இடத்துக்குப் போகாமல் நிற்கிறதாம். இது போதாதென்று மெசினில் பென்டிரைவ் குத்த இடமே இல்லை, அதற்கென்று உள்ள மெமரி காட் ஒன்றில்தான் டிசைன் ஏற்ற வேண்டும். அந்த மெமரி காட்டையும் தரவில்லை, அதில் டிசைனை எழுதுகிற பெட்டியும் இல்லை, தேடிப் பிடித்த மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது, என் லப்டொப்பில் ஏறவில்லை.

நீங்கள் போனால் முதலில் மெசினின் பக்கத்தில் அல்லது அடியில் ஒட்டியிருக்கிற தகட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 100 என்றிருந்தால் ட்ரான்ஸ்போமரையும் விலைக்குள் சேர்த்துக் கேளுங்கள். துணி, அதற்குப் பின்னால் வைக்கிற பேப்பர், 40ஆம் நம்பர் எம்பிராய்டரி நூல் எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள், துணி இல்லை என்ற கதைக்கு இடம் வைக்க வேண்டாம். சுற்றுக்கோடு உள்ள ஒரு பூவை முழுக்கத் தைக்க விட்டு, கோடு பூவின் ஓரத்தில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள், அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. டிசைன் எதால் ஏறும் என்று கேட்டு, அதை உங்கள் முன்னாலேயே ஏற்றச் சொல்லுங்கள். பிரதர் கொம்பனி மெசினுக்கு பி.இ.எஸ், ஜனோம் கொம்பனி மெசினுக்கு ஜே.இ.எஃப் என்று ஒவ்வொன்றுக்கும் டிசைன் கோப்பு வேறு. நம்ம கடல் காற்றுக்கு இரும்பு தாங்காது, ஊசித் தகட்டைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, எம்பிராய்டரி வேலை செய்கிறது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

போன கிழமை அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். கண்ணாடிக்குள் அதே மாதிரி இன்னொரு மெசின் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் அதே வெள்ளை அடாப்டர்.