கெர்னல் மாட்யூல்களுக்கு வரிசை போட்ட நாலு வருடம்

காலையில் 5.30க்கு எழுப்பிவிட என் மேசைக் கணினியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. 5.20க்கு மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் கணினியை ஆன் செய்யும், பத்து நிமிடம் கழித்து ஏபிளே என்ற கட்டளை ஒரு வேவ் கோப்பைப் பாடவிடும். 2021 கடைசியில் டெபியன் 11 என்ற லினக்ஸ் போட்டபோது செய்த ஏற்பாடு இது. பல்ஸ் ஆடியோ போன்ற, நிரல்களின் ஒலியை இடையில் நின்று கையாளும் சவுண்ட் சர்வர் எதையும் நான் நிறுவவில்லை. இப்போது ஓடுவது டெபியன் 13. இடைப்பட்ட காலத்தில் மாட்யூல்களின் (லினக்ஸின் மையமான கெர்னல், வன்பொருளை இயக்கத் தேவைக்கேற்ப ஏற்றிக்கொள்ளும் டிரைவர் போன்ற துண்டுகள்) முன்னுரிமையைப் பற்றி நான் கற்றதில் பாதி இந்த அலாரம் ஊமையான நாட்களில் கற்றது.

முதல் நாளே பாட்டு வரவில்லை. எதையும் குறிப்பிடாவிட்டால் ஏபிளே 0 எண் சவுண்ட் கார்டைத்தான் பிடிக்கும். என் கணினியில் அந்த எண் கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ ஒலிக்குப் போயிருந்தது. மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. சரி, மதர்போர்டின் ஒலிக்கான மாட்யூலை முன்னால் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைத்து, மாட்யூல் ஏற்றும் விதிகளை வைக்கும் மாட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பு உருவாக்கி சாஃப்ட்டெப் வரி எழுதினேன். ஒரு மாட்யூலை ஏற்றும் முன் வேறொன்றை ஏற்றச் சொல்லும் வரி அது. ஒன்றும் நடக்கவில்லை. கோப்பின் பெயரை .கான்ஃப் என்று முடிக்காவிட்டால் அதை யாரும் படிக்கவே மாட்டார்கள் என்பது முதல் பாடம். பெயரை மாற்றிய பிறகும் நடக்கவில்லை. ஏனென்றால் இரண்டு ஒலிகளையும் இயக்குவது ஒரே மாட்யூல், எச்டிஏ டிரைவர். ஒருவரையே இரண்டு முறை வரிசையில் நிறுத்தி என்ன பயன்?

அங்கே வேலை செய்தது, மாட்யூலுக்கு அமைப்பு மதிப்புகளைத் தரும் ஆப்ஷன்ஸ் வரி. அதே மாட்யூலுக்கு இன்டெக்ஸ், அதாவது கார்டு எண், மதிப்பாக 1,0 என்று கொடுத்தால், முதலில் தென்படும் கார்டுக்கு 1, இரண்டாவதற்கு 0. நாலு நாள் பாடியது. ஐந்தாம் நாள் மறுபடி மௌனம், இந்தத் தடவை மதர்போர்டின் கார்டையே பட்டியலில் காணோம்!

கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கைப் புரட்டியதில் விஷயம் புரிந்தது. பூட் ஆகும்போது, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் நிரல் ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய மாட்யூலை ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏற்றுகிறது. அன்று யூஎஸ்பி வெப்கேமின் மைக் முந்திக்கொண்டு 0 எண்ணை எடுத்துவிட்டது. அதே எண்தான் வேண்டும் என்று நான் எழுதி வைத்திருந்த கார்டு, இடம் காலியில்லை என்ற பிழையோடு பதிவாகாமலே போனது. யூஎஸ்பி ஒலி மாட்யூலுக்கு இன்டெக்ஸ் -2 கொடுத்தேன். -2 என்றால், 0 தவிர எந்த இடத்தில் வேண்டுமானாலும் உட்கார் என்று அர்த்தம். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தொந்தரவில்லை.

2023இல் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்கி, அதை மெய்நிகர் கணினிக்குக் கொடுக்க ஆசைப்பட்டேன். சாஃப்ட்டெப் உண்மையில் எதற்காக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கிராபிக்ஸ் டிரைவர் ஏறும் முன், சாதனத்தை மெய்நிகர் கணினிக்குக் கைமாற்ற உதவும் விஎஃப்ஐஓ மாட்யூல் ஏறி, ஐடி எழுதித் தந்த கார்டைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வரி சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கார்டை வழக்கமான டிரைவரே பிடித்தது. ஒரு மாலை முழுக்கப் போனது. கிராபிக்ஸ் டிரைவர், பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சின்னக் கோப்பமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே ஏறிவிடுகிறது, அதற்குள் இருப்பதோ என் அமைப்புக் கோப்பின் பழைய நகல். டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையைக் கொடுத்து அதைப் புதுப்பித்ததும் அடுத்த பூட்டில் எல்லாம் சரி. எல்எஸ்பிசிஐ கட்டளைக்குக் கே விருப்பம் சேர்த்தால் எந்தச் சாதனத்தை எந்த டிரைவர் வைத்திருக்கிறது என்று காட்டும். அதைப் பார்க்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது. அந்தக் கார்டின் ஒலிப் பகுதிக்குத் தனி ஐடி உண்டு, அதை எழுத மறந்திருந்தேன். எச்டிஏ மாட்யூல் அதைப் பிடித்துக்கொண்டதால் எண்ணிக்கை மூன்றாகி, என் 1,0 கணக்கு குலைந்து, அலாரம் திரும்பவும் ஊமை. இன்டெக்ஸ் வரிகள் மீது எனக்கு நம்பிக்கை போனது அன்றைக்குத்தான். வன்பொருள் எத்தனை என்று நமக்குத் தெரிந்திருக்கும்வரை மட்டுமே அவை சரி.

கடைசிச் சண்டை வைஃபை. என் யூஎஸ்பி டாங்கிளுக்கு டெபியன் 11, 12 இரண்டின் கெர்னலிலும் டிரைவர் இல்லை. வெளியிலிருந்து எடுத்ததை டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலுக்கும் தொகுத்துக்கொண்டிருந்தேன். கெர்னல் 6.2இல் அந்தச் சில்லுக்கான ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது. டெபியன் 13இல் இருப்பது 6.12. ஆக, ஒரே டாங்கிளுக்கு இரண்டு உரிமையாளர்கள். பெயர் ஒன்றாக இருந்திருந்தால், மாட்யூல் பட்டியலைத் தயாரிக்கும் டெப்மாட்டின் தேடல் வரிசைப்படி அப்டேட்ஸ் கோப்புறையில் இருக்கும் டிகேஎம்எஸ் மாட்யூல் ஜெயித்திருக்கும். பெயர்கள் வேறு என்பதால் இரண்டுமே ஏறின. எது முதலில் கைவைத்ததோ அதற்கு டாங்கிள். ஒரு நாள் நல்ல வேகம், மறுநாள் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

அமைப்புக் கோப்பில் ஒரு மாட்யூலுக்கு எழுதும் பிளாக்லிஸ்ட் வரி என்றால் தடை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது வன்பொருளின் பெயரால் தானாக ஏறுவதை மட்டும்தான் நிறுத்தும். வேறொரு மாட்யூல் சார்ந்திருந்தாலோ யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ ஏறிவிடும். முழுத் தடை வேண்டுமென்றால் இன்ஸ்டால் வரியில், தோல்வி என்று மட்டும் சொல்லும் ஃபால்ஸ் நிரலைச் சுட்ட வேண்டும். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. முதலில், கெர்னலுக்குள்ளேயே வந்த டிரைவரை பிளாக்லிஸ்டில் போட்டுப் பழையதை ஓட்டினேன். இரண்டு வாரம் கழித்து மாற்றிப் பார்த்தேன். டாங்கிள் செத்தே போனது. பழைய டிரைவர் ஃபர்ம்வேரை, அதாவது சில்லுக்குள் ஓட வேண்டிய நிரலை, தனக்குள்ளேயே வைத்திருந்தது, புதியது வட்டிலிருந்து எடுக்கும், என்னிடம் அந்தத் தொகுப்பு இல்லை. நிறுவினேன், ஓடியது. டிகேஎம்எஸ்ஸை நீக்கினேன், பிளாக்லிஸ்ட் வரிக்கும் வேலை போனது.

ஒரு கட்டத்தில் என் கோப்பில் 11 வரிகள் இருந்தன. இப்போது இரண்டு: விஎஃப்ஐஓவுக்கான ஐடிகள், அதற்கான சாஃப்ட்டெப். ஸ்கிரிப்டில் எண்ணுக்குப் பதிலாகக் கார்டின் பெயரையே கொடுத்துவிட்டேன். ஏபிளேக்கு அது முதல் நாளிலிருந்தே புரியும், நான்தான் கேட்கவில்லை. இந்த மாதம் வெப்கேமைக் கழற்றி வேறொன்று மாட்டினேன், பாட்டு வழக்கம்போல 5.30க்கு வந்தது.