சிவப்புப் பொத்தானை அழுத்தியும் நிற்காத பெட்டி

வீட்டில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) அரைத்து முழுத் தானிய முறையில் பீர் செய்பவர்கள், அதிலும் பானையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் பெட்டியை மட்டும் வெளியில் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,850 சிங்கப்பூர் வெள்ளி. பாதிக்குக் கொஞ்சம் மேலே திரும்பி வந்துவிட்டது. ஆனால் காசு போனதைவிட, அன்று ராத்திரி நான் குளிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இன்னும் போகவில்லை.

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்குப் பீர் செய்ய அனுமதி உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது, விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டி செய்து தந்தவர் நான் புகார் சொன்னபோது கடைசியில் எடுத்துவிட்டது சட்டத்தை வைத்து ஒரு மிரட்டலைத்தான். "போலீஸுக்குப் போனா உங்களுக்குத்தான் பிரச்சினை தம்பி." எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால் பயந்துவிடாதீர்கள்.

பானை, பம்ப், மால்ட் போடும் துளைக் கூடை, குழாய் இணைப்புகள் எல்லாம் நானே செய்தேன். 50 லிட்டர் ஸ்டெயின்லெஸ் பானையில் ஓட்டை போட்டு 3 கிலோவாட் ஹீட்டரைப் பொருத்தியதும் நான்தான். மின்சாரம் என்றால் மட்டும் எனக்குக் கொஞ்சம் உதறல். சின்ன வயதில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்ட அனுபவம். அதனால், இந்தப் பொழுதுபோக்கில் ரொம்ப நாளாக இருக்கிறார் என்று சொல்லப்பட்ட ஒருவரிடம் பெட்டியை ஒப்படைத்தேன். பேரைப் போடப்போவதில்லை. பேச்சு தேன் மாதிரி இருந்தது. "பட்டனைத் தட்டிட்டு நீங்க போய்த் தூங்கலாம் தம்பி, காலைல வோர்ட் ரெடியா இருக்கும்." வோர்ட் என்றால் பீராகப் புளிக்கப்போகும் இனிப்பு மால்ட் சாறு. முன்பணமாக 900 வெள்ளியை அவருடைய கைப்பேசி எண்ணுக்குப் பேநவ் என்ற வங்கிப் பணமாற்று வசதியில் அனுப்பினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. மூன்று வாரம் என்றார். பதினோரு வாரம் ஆனது.

பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீல மூடி, தொடுதிரை, பக்கத்தில் காளான் போன்ற சிவப்பு அவசரப் பொத்தான். திரையில் அவருடைய சின்னம். "என் சொந்த சாஃப்ட்வேர்" என்று அதற்குத் தனியாக 300 வெள்ளி வாங்கியிருந்தார். உள்ளே ஓடியது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய கிராஃப்ட்பீர்பை என்ற மென்பொருள் என்று பிறகுதான் தெரிந்தது. சரி, அதை அமைத்துத் தந்ததற்குக் கூலி என்று அந்த 300-ஐ விட்டுவிடலாம்.

முதல் இரண்டு முறை ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாவது முறை ஒரு சனிக்கிழமை இரவு. 20 லிட்டர் தண்ணீர், 5 கிலோ மால்ட். 67 டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் வேலை செய்வது அந்தச் சூட்டில்தான். 75-ஐத் தாண்டினால் அவை ஒவ்வொன்றாகச் செத்துவிடும், பிறகு எவ்வளவு ஆற வைத்தாலும் உயிர் வராது. மால்ட்டைக் கொட்டிக் கிளறி, பம்ப் சுற்றத் தொடங்கியதும் மகளைத் தூங்க வைக்கப் போனேன். பத்து நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது சமையலறையில் வழக்கமான ஹார்லிக்ஸ் வாசனையோடு பிளாஸ்டிக் தீயும் வாடையும் கலந்திருந்தது. திரையில் மூன்று எண்கள். இலக்கு 67. இப்போது 81. ஹீட்டர் 0 சதவீதம்.

பூஜ்யம் என்று போட்டிருக்கிறது, பானைக்குள் ஹீட்டர் உஸ்ஸென்று இரைகிறது. திரையில் 'நிறுத்து' என்பதைத் தொட்டேன். நிறுத்தப்பட்டது என்று பணிவாகப் பதில் வந்தது. 82. சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். திரை சிவப்பாக மாறியது, அவ்வளவுதான். 83. சுவர் சுவிட்சை அணைத்த பிறகுதான் இரைச்சல் அடங்கியது. பிளக்கைப் பிடுங்கப் போனால் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டருக்கு 3 கிலோவாட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 டிகிரி ஏறும். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் மாவும் தண்ணீருமாகப் பொங்கி அடுப்பங்கரை முழுக்க வழிந்திருக்கும்.

ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சொட்டினேன். கருநீலம். மாவுச்சத்து அப்படியே கிடக்கிறது என்று அர்த்தம். 5 கிலோ மால்ட்டும் குப்பைக்குப் போனது.

மறுநாள் மூடியைக் கழற்றினேன். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

ஹீட்டரை விட்டு விட்டுப் போடும் வேலையைச் செய்வது சாலிட் ஸ்டேட் ரிலே, சுருக்கமாக எஸ்எஸ்ஆர். இதில் 40 ஆம்பியர் என்று போட்டிருந்தது. என் ஹீட்டர் இழுப்பது 13 ஆம்பியர்தான், அதனால் தாராளம் என்று தோன்றும். உடைத்துப் பார்த்தால் உள்ளே நகக்கண் அளவு சின்னதாக ஒரு டிரையாக் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சில்லு), போலிகளில் வழக்கமாக இருப்பது. சந்தையில் இந்த வகைப் போலிகள் ஏராளம், மேலே ஒட்டியிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. உண்மையான எஸ்எஸ்ஆரே 13 ஆம்பியர் ஓடும்போது 13, 14 வாட் சூட்டை வெளியே தள்ளும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னில் பாதி. அதனால்தான் அதைச் சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க்கில் பசை தடவி முடுக்க வேண்டும். இவர் பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் இரண்டு திருகாணியில் மாட்டிவிட்டிருந்தார்.

எஸ்எஸ்ஆர் கெட்டுப்போவதுகூடப் பெரிய விஷயம் இல்லை. கெட்டால் அது பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால்தான் அதற்கு முன்னால் கான்டாக்டர் என்ற பெரிய மின்காந்த சுவிட்ச் ஒன்றை வைத்து, அவசரப் பொத்தானை அதன் கம்பிச்சுருளோடு கோப்பார்கள். அமுக்கினால் டக்கென்று மொத்த மின்சாரமும் அறுந்துவிடும். என் பெட்டியில் கான்டாக்டரே இல்லை. சிவப்புப் பொத்தானிலிருந்து ஈர்க்குச்சி போல ஒரு கம்பி கிளம்பி ராஸ்பெர்ரி பையின் பின் ஒன்றில் போய் நின்றது. அதாவது நான் ஓங்கி அடித்தபோது, மின்சாரத்தை நிறுத்தும்படி மென்பொருளிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.

மல்டிமீட்டரை எடுத்துப் பிளக்கின் எர்த் பின்னில் ஒரு முனை, பானையில் ஒரு முனை வைத்தேன். இணைப்பு இருந்தால் பீப் அடிக்க வேண்டும். சத்தமே இல்லை. எர்த் கம்பி பெட்டிக்குள்ளே வந்து, டேப் சுற்றி, அப்படியே மடித்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீரும் ஹீட்டரும் இருக்கும் உலோகப் பானை! மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான் எங்களுக்கும் ஷாக்குக்கும் நடுவில் நின்றிருக்கிறது. பிளக்கைத் திறந்தால் ஃபியூஸைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தது. 13 ஆம்பியர் பிளக்கில் மணிக்கணக்காக முழு 13 ஆம்பியரை ஓட்டினால் வேறென்ன ஆகும்?

படங்களை அனுப்பினேன். பதில்கள் வரிசையாக வந்தன. எஸ்எஸ்ஆர் தேய்கிற சாமான், அதற்கு உத்தரவாதம் கிடையாது. நீங்கள் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். நீங்கள் மூடியைத் திறந்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை. கடைசியாகத்தான் அந்தப் போலீஸ் வசனம். 'தட்டிட்டுத் தூங்கலாம்' என்ற அவருடைய பழைய வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதும் ஒரு வாரம் மௌனம்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி மனுப் போட்டேன். வக்கீல் தேவையில்லை. ரசீது இல்லாதது இடித்தது, ஆனால் பணம் அனுப்பிய பதிவும் எழுத்தில் இருந்த செய்திகளும் காப்பாற்றின. போனில் அவர் வாய்மொழியாகச் சொன்ன எதையும் என்னால் காட்ட முடியவில்லை. சமரசப் பேச்சில் 1,100 வெள்ளி தர ஒப்புக்கொண்டார், தந்துவிட்டார். பெட்டியை அவரே எடுத்துக்கொண்டு போனார். அதை நான் கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் போன வாரம் ஒரு நண்பர் விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தார். நீல மூடி, அதே தொடுதிரை, அதே சிவப்புப் பொத்தான். 'லேசாகப் பயன்படுத்தியது, முழுத் தானியங்கி', 1,400 வெள்ளி. மூடியின் வலது மூலையில் நான் ஸ்க்ரூடிரைவரை நழுவவிட்டுப் போட்ட கீறல் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. யாராவது அதைப் பார்க்கப் போனால், கையில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் எர்த் பின்னுக்கும் பெட்டியிலிருந்து பானைக்குப் போகும் கம்பிக்கும் நடுவில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.